விஷ ஊசி கருணையல்ல

தூக்கிலிட்டுக் கொல்வது கொடூரமானது, மரண தண்டனையை விஷ ஊசி மூலம் நிறைவேற்றலாம் என்கிற யோசனை நம் நாட்டில் அவ்வப்போது தலைதூக்குகிறது. 2003-ல் சட்ட ஆணையம் தனது 187-வது அறிக்கையில் விஷ ஊசியையும் ஒரு வழிமுறையாகச் சேர்க்கலாம் எனப் பரிந்துரைத்தது. 2017-ல் இதே கோரிக்கையுடன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. 2025 அக்டோபரில் அம்மனு விசாரணைக்கு வந்தபோது, காலத்துக்கேற்ப மாற அரசு தயாராக இல்லை என நீதிபதிகள் குறைபட்டுக் கொண்டனர். இது காலத்துக்கேற்ற மாற்றம்தானா என்பதே நமது கேள்வி.

1982-ல் டெக்சாஸில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட விஷ ஊசி, நெடுங்காலம் மூன்று மருந்துகளின் தொகுப்பாகவே இருந்தது. முதலாவது, நினைவிழக்கச் செய்யும் சோடியம் தயோபென்டால். இரண்டாவது, தசைகளைச் செயலிழக்க வைப்பது. மூன்றாவது, இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு. இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. முதல் மருந்து சரியாக வேலை செய்யாவிட்டால், கைதி மூச்சு முட்டியும் உடல் எரிந்தும் சாவார். ஆனால், இரண்டாவது மருந்து அவரை அசைய விடாது. கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது அமைதியான உறக்கமாகவே தெரியும். உண்மையைச் சொல்லக்கூடியது தடய நச்சியல் சோதனை ஒன்றுதான்.

அந்தச் சோதனை என்ன சொன்னது? அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் தண்டிக்கப்பட்ட 49 பேரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. 43 பேரின் ரத்தத்தில் தயோபென்டால் அளவு அறுவைச் சிகிச்சைக்குத் தேவையான அளவைவிடக் குறைவாக இருந்தது. 21 பேர் நினைவோடு இருந்திருக்கக்கூடும் என்றது அந்த ஆய்வு. இறந்து பல மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தை வைத்து இப்படி முடிவு கட்டலாகாது என வேறு மருத்துவர்கள் மறுத்தனர். மறுப்பில் நியாயம் இருக்கலாம். ஆனால், டெக்சாஸ், விர்ஜினியா மாநிலங்களில் ஊசி போட்டவர்களுக்கு மயக்கவியல் பயிற்சியே இல்லை, மயக்க நிலையைக் கண்காணிக்கும் ஏற்பாடும் இல்லை என அதே ஆய்வு பதிவு செய்ததை எவ்வாறு மறுப்பது? 2015 ஜனவரியில் ஓக்லஹோமாவில் ஒருவருக்குப் பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலாகப் பொட்டாசியம் அசிடேட் ஏற்றப்பட்டது. பிரேதப் பரிசோதனை அறிக்கை மூலம் இது ஊருக்குத் தெரியவர ஒன்பது மாதங்கள் ஆயின.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. தயோபென்டால் தயாரித்துவந்த ஒரே அமெரிக்க நிறுவனம் 2011-ல் உற்பத்தியைக் கைவிட்டதும், சிறைத்துறை அதிகாரிகளின் பார்வை நம் பக்கம் திரும்பியது. மும்பை நிறுவனம் ஒன்று நெப்ராஸ்காவுக்கு விற்றது. எதிர்ப்பு எழுந்ததும், மரண தண்டனைக்காக இனி விற்பதில்லை என்று அறிவித்தது. 2015-ல் அதே நெப்ராஸ்கா, இந்திய வணிகர் ஒருவரிடம் 54,400 டாலர் கொடுத்துவிட்டு வராத மருந்துக்காகக் காத்திருந்தது. அரிசோனாவும் டெக்சாஸும் வரவழைத்த சரக்கை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே தடுத்து நிறுத்தியது. சட்டத்தின் பெயரால் உயிரைப் பறிக்கும் அரசு, அதற்கான மருந்தைக் கள்ளத்தனமாகத் தேடி அலைந்த அவலம் இது.

இந்தத் தயோபென்டால் நமக்குப் புதிதல்ல. பென்டோதால் என்ற பெயரில், குறைந்த அளவில், பெங்களூரில் குற்றவாளிகள் எனச் சந்தேகிக்கப்பட்டவர்களின் நரம்பில் ஏற்றப்பட்டதும் இதுதான். முத்திரைத்தாள் மோசடி வழக்கில் தெல்கி முதல் பலர் பெங்களூர் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தின் 'நார்கோ' சோதனைக்கு ஆளாயினர். ஒளிப்பதிவுகள் தொலைக்காட்சிகளில் ஓடின. அறிவியல் பூர்வமானது, ஆபத்தில்லாதது என்று அப்போதும் சொல்லப்பட்டது. 2004-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும், 2006-ல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஏற்றன. அந்தச் சோதனைகளால் புகழ்பெற்ற அதிகாரியையே, போலிச் சான்றிதழ் புகாரில் கர்நாடக அரசு 2009-ல் பணிநீக்கம் செய்தது.

செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒருவரின் விருப்பமின்றி நடத்தப்படும் நார்கோ சோதனை, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவையும், 21-வது பிரிவையும் மீறுவது என்றது தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு. அதற்குப் பிறகும் பழக்கம் விட்டதா என்றால் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட அனைவருக்கும் நார்கோ சோதனை நடத்தும் போலீஸாரின் திட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதை, 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

பெங்களூர் அனுபவத்தை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. அரசின் பிடியில் இருக்கும் ஒருவரின் உடலில் அரசே மருந்தைச் செலுத்தி, அதன் விளைவை அரசின் ஆய்வுக்கூடமே மதிப்பிட்டு, எல்லாம் சரி என்று அரசே சான்றளிக்கும் ஏற்பாடு அது. கர்நாடகத்தின் அந்த ஆய்வுக்கூடம் காவல்துறையின் கீழ் இயங்குவது. நாளை விஷ ஊசி வந்தால் மருந்தைச் சோதிப்பதும், இறந்தவரின் ரத்தத்தை ஆராய்வதும் இத்தகைய ஆய்வுக்கூடங்கள்தானே? அந்த அறிக்கை கைதியின் குடும்பத்துக்காவது கிடைக்குமா? ஊசியைப் போடப்போவது யார்? மருத்துவர் இதில் பங்கேற்பது தொழில் நெறிக்கு விரோதம் என 1981-லேயே உலக மருத்துவ சங்கம் தீர்மானித்துவிட்டது. சிறைக் காவலரின் கையில் ஊசியைக் கொடுத்தால் என்னவாகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது.

தூக்குக் கயிறு கொடூரமானது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. 2023-ல் இயற்றப்பட்ட புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அதையே தக்கவைத்திருப்பது வருத்தத்துக்குரியது. விவாதிக்கப்பட வேண்டியது மரண தண்டனையே தவிர, அதைக் கண்ணுக்கு இதமாக நிறைவேற்றும் வழியல்ல. விஷ ஊசிக்காகச் சட்டத்தைத் திருத்த மத்திய அரசு என்றேனும் முனையுமானால், அமெரிக்கச் சிறைகளின் நச்சியல் அறிக்கைகளையும் செல்வி வழக்கின் தீர்ப்பையும் முதலில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கட்டும்.