தண்ணீர் நடந்து போகும் பாலம்



கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் கடல், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் மாத்தூர் தொட்டிப்பாலமும் இருக்கும். "அரை மணி நேரம்தான், சீக்கிரம் வந்துடுங்க" என்பார் வேன் டிரைவர். ஓடிப்போய் போட்டோ எடுத்து, சிப்ஸ் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். இவ்வளவு உயரத்தில் இந்தப் பாலத்தை யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

நமக்காகக் கட்டவில்லை, தண்ணீருக்காகக் கட்டினார்கள்!

கோதையாறு பாசனத் திட்டத்தைச் சேர்ந்த பட்டணங்கால் கால்வாய் ஒரு குன்றின் மேல் வருகிறது. அது போக வேண்டிய இடமோ எதிரே இருக்கும் இன்னொரு குன்று. நடுவில் பெரிய பள்ளத்தாக்கு. அடியில் பறளியாறு ஓடுகிறது. கால்வாயைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஆற்றோடு கலந்து அதன் போக்கிலேயே போய்விடும். மறுபடி எதிர்க் குன்றுக்கு ஏற்ற வேண்டுமானால் இரவும் பகலும் மோட்டார் ஓட வேண்டும்.

அதனால் ஆற்றுக்கு மேலே, சுமார் 115 அடி உயரத்தில், கான்கிரீட்டால் ஒரு நீளத் தொட்டியைக் கட்டினார்கள். பத்து மாடிக் கட்டடம் அளவு உயரம்! நீளம் ஏறத்தாழ 1,240 அடி. தாங்கி நிற்பவை 28 தூண்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் போதும், தண்ணீர் தானாகவே நடந்து போய்விடும். கீழே ஓர் ஆறு ஒரு திசையில் ஓட, அதன் தலைக்கு மேலே ஒரு கால்வாய் குறுக்கே போகிறது. விளவங்கோடு, கல்குளம் பகுதி விவசாயிகளுக்காகக் காமராஜர் எடுத்த முயற்சியில் வந்த பாலம் இது. 1963-ல் அவர் முதல்வர் பதவியை விட்டு விலகிய பிறகு, 1966-ல் கட்டி முடிந்தது.

பாலம் என்றால் உயரத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். 2025-ல் திறந்த காஷ்மீரின் செனாப் ரயில் பாலம் ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். அதற்கு முன் மாத்தூர் பாலம் ஒரு குட்டித் தம்பி. ஆனால் எனக்கு என்னவோ இந்தத் தம்பியைத்தான் பிடிக்கிறது!

பிரான்ஸ் நாட்டில் இதற்கு ஒரு தாத்தா உண்டு. பெயர் போன் து கார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் கட்டியது. நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன சுமார் 50 கிலோமீட்டர் கால்வாயின் ஒரு பகுதி அது. அந்த 50 கிலோமீட்டருக்கும் மொத்தச் சரிவு 13 மீட்டருக்கும் குறைவுதான்! கல்லை இழைத்து இழைத்து அவ்வளவு துல்லியமாகக் கட்டினார்கள். ஆனால் பிற்காலத்தில் கால்வாயைச் சுத்தம் செய்ய ஆளில்லை. தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து வழியை அடைத்துக்கொண்டது. கடைசியில் தண்ணீர் நின்றே போனது. பாலம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது, வெறும் காட்சிப்பொருளாக.

மாத்தூர் பாலம் அப்படி இல்லை. இன்னும் வேலை செய்கிற பாலம். தொட்டிக்குள் நாம் வீசுகிற பிளாஸ்டிக் கவர் அங்கேயே கிடக்காது. தண்ணீரோடு போய் ஏதோ ஒரு மடையை அடைக்கும், அல்லது யாரோ ஒருவருடைய வாழைத் தோட்டத்தில் ஒதுங்கும். அதை எடுக்கப்போவது நாம் இல்லை, மண்வெட்டியோடு வருகிற அந்த வீட்டுக்காரர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே நின்று ஆற்றில் கல் போட்டுப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 115 அடியிலிருந்து விழும் கல், கீழே வந்து சேரும்போது ஏறத்தாழ மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகம்! பாலத்தின் அடிவரை படிக்கட்டு இறங்குகிறது. கீழே ஆட்கள் நடமாடுவார்கள், குளிப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் அவர்கள் எறும்பு போலத் தெரிவதால், அங்கே யாரும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டியின் ஆழமும் சுமார் 7 அடி. உங்கள் வகுப்பிலேயே உயரமானவன்கூட அதில் மூழ்கிவிடுவான். செல்ஃபிக்காகச் சுவர் மேல் ஏறி உட்காருகிற அண்ணன்களிடமும் இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அணை திறந்திருக்கும் மாதங்களில் போனால்தான் தொட்டியில் தண்ணீர் ஓடும். வீட்டில் கேட்டு, அப்போது போய் வாருங்கள். தொட்டிக்கு மேலே பதித்த கான்கிரீட் பலகைகளின் இடைவெளியில் குனிந்து பார்த்தால் தண்ணீர் தெரியும். மிதந்து வருகிற ஓர் இலையைக் கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களாகப் பறித்துப் போட வேண்டாம்; காற்றே நிறையப் போட்டிருக்கும். ஓடாமல், அதனோடு கூடவே அடுத்த குன்று வரை நடந்து பாருங்கள். முதலில் போய்ச் சேர்ந்தது இலையா, நீங்களா என்று எங்களுக்கு எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்