தாத்தா படத்தில் யார் முகம்?

திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். சுற்றிலும் தோட்டங்கள். பூவும் காய்கறியும் விளையும் பூமி.

இந்தப் பக்கத்து வீடுகளில், நிலைப்படிக்கு மேலே பெரியவர்களின் படம் தொங்கும். பொட்டு வைத்து, மாலை போட்டிருப்பார்கள். வருஷ திதியில் அந்தப் படத்தின் முன்னால்தான் படையல்.

ஓட்டு வீட்டில் சாரல் அடிக்கும். கரையான் ஏறும். பூஞ்சணம் பிடிக்கும். நாற்பது வருஷம் கழித்துச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், தாத்தாவின் வேட்டி இருக்கும். நாற்காலி இருக்கும். முகம் மட்டும் இருக்காது!

என்ன செய்வது?

"கம்ப்யூட்டரில் கொடுத்தால் தாத்தாவை அப்படியே கொண்டுவந்து விடலாம்" என்கிறார்கள்.

கொண்டுவரலாம். ஆனால் வருகிறவர் தாத்தாதானா?

பழைய வித்தை

முகம் ஒட்டுவது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. பிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' செய்வதற்கென்றே ஆள் இருந்தார். நெகடிவை வெளிச்சத்தில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார். காலமான தகப்பனாரின் முகத்தை ஒரு படத்தில் இருந்து வெட்டி, தாயார் பக்கத்தில் ஒட்டி, மறுபடியும் போட்டோ பிடித்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்ததுபோல் கொடுப்பதும் உண்டு. ஒரே படத்தில் நின்றிராத தம்பதிகளை ஸ்டூடியோக்காரர் சேர்த்து வைத்தார்! அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. முகம் அவருடையது அல்லவா?

1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் தேடிப்பிடித்து, கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்திருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகம் இதற்கு உதவியது. சாதாரணக் குடும்பங்களின் போட்டோவுக்கு அவ்வளவு மதிப்பு!

மச்சம் இடம் மாறியது

அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் கம்பீரமாக நிற்கும் ஒரு அச்சுப்படம் உண்டு. உடல் அவருடையது அல்ல. கால்ஹூன் என்ற வேறொரு தலைவரின் உடல். அவர் 1850லேயே இறந்துவிட்டார். அந்த உடல்மேல் லிங்கனின் தலையை வைத்துவிட்டார்கள்.

இந்தக் குட்டு நெடுங்காலம் வெளிப்படவில்லை. கடைசியில் காட்டிக் கொடுத்தது ஒரு மச்சம். லிங்கனின் கன்னத்து மச்சம் மறுபக்கம் போயிருந்தது. தலையை இடம் வலமாகத் திருப்பி ஒட்டியதால் வந்த வினை!

இன்றும் அந்தத் தப்பு நடக்கிறது. வெளிச்சம் பொருந்தவில்லை என்று முகத்தை ஒரு தட்டில் திருப்பிவிடுகிறார்கள். பாட்டியின் மூக்குத்தி அடுத்த பக்கம் போய்விடுகிறது. தாத்தாவின் வகிடு மாறிவிடுகிறது. பார்ப்பவருக்கு என்னமோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று தெரியாது.

எப்படிப் பொருத்துவது?

முதலில் அவருடைய வேறு படம் வேண்டும். கல்யாண குரூப் போட்டோ, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பாஸ்புக், எதில் இருந்தாலும் சரி. வயது கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். அறுபது வயது உடலுக்கு இருபத்தைந்து வயது முகம் வைத்தால், தாத்தா பேரன்போல் இருப்பார்.

அடுத்தது தலை திரும்பியிருக்கும் பக்கம். உடல் சற்று இடப்புறம் சாய்ந்து, முகம் நேராகப் பார்த்தால் பொம்மைபோல் இருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுகிறது என்பதை மூக்கின் நிழல் சொல்லும். கழுத்தின் நிழலும் அதையே சொல்ல வேண்டும்.

பழைய படம் சற்று மங்கலாக, பொடிப்பொடியாக இருக்கும். புது முகம் பளிச்சென்று இருந்தால், ஸ்டிக்கர் ஒட்டியது தெரிந்துவிடும். ஆகவே முகத்தையும் அந்த அளவுக்கு மங்கச் செய்து, அதே பொடியைத் தூவ வேண்டும். பழுப்பேறிய நிறமும் அதேதான். ஒட்டும் கோட்டைக் கன்னத்தின் நடுவில் விடக்கூடாது. தாடைக்குக் கீழே நிழலிலும், முடி தொடங்கும் இடத்திலும் விட்டால் கரைந்துபோகும்.

பழைய படத்தில் காதோ, மீசை நுனியோ மிஞ்சியிருந்தால் அதை அழிக்கவே கூடாது. அது அவருடையது.

இயந்திரத்தின் கற்பனை

இதெல்லாம் சிரமம் என்று, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் கண், மூக்கு, பல் எல்லாம் வந்துவிடுகிறது. எங்கே இருந்து வந்தது? அது முன்பு பார்த்த ஆயிரக்கணக்கான பேர் முகத்தில் இருந்து!

2020ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் செய்த 'பல்ஸ்' என்ற ஏற்பாட்டில், ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர்! அது முகம் கற்றுக்கொண்டது 70,000 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பில். அதில் வெள்ளையர் முகமே அதிகம். இது இல்லாத முகத்தைக் கற்பனை செய்வதே தவிர, ஆளை அடையாளம் காட்டாது என்று செய்தவர்களே சொன்னார்கள்.

உலகம் அறிந்த ஒபாமாவுக்கே அந்தக் கதி. தப்பு உடனே தெரிந்தது. ரெட்டியார்சத்திரத்துத் தாத்தாவுக்கு யார் சாட்சி? முகம் மாறியது தெரியாமல், பேரப்பிள்ளைகள் யாரோ ஒருவருக்குப் படையல் போடுவார்கள். அதைவிட, பாதி அழிந்த படமே மேல்.

வேறு படமே இல்லை என்றால், கிழிசலையும் கறையையும் மட்டும் சரிசெய்து, முகத்தை இருக்கிறபடியே விட்டுவிடலாம். வேறு படத்தில் இருந்து முகம் எடுத்தால், எந்தப் படம், எந்த வருஷம் என்று சட்டத்தின் பின் அட்டையில் எழுதி ஒட்ட வேண்டும். பழைய படத்தைத் தூக்கி எறியக்கூடாது. காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பெரிதாக்கி மாட்டுவதற்கு முன் இன்னும் ஒரு வேலை உண்டு. தாத்தாவின் தங்கையோ, கூட வேலை பார்த்தவரோ யாராவது ஒருவர் இன்னும் இருப்பார். அவரிடம், யார் என்று சொல்லாமல் படத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். "அண்ணன்!" என்று அந்தப் பாட்டி சொன்னால் மாட்டலாம். "இது யாரப்பா?" என்று கேட்டால், திரும்பவும் ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.