பரண்ல என்ன இருக்கு பாஸ்?

பத்தாவது வந்ததும் சலங்கையைக் கழட்டிப் பரண்ல போட்ட கேஸா நீங்க? நானும்தான். இப்போ அரியலூர் டு பெரம்பலூர் தினமும் பஸ்ல தொங்கிக்கிட்டே இன்ஜினீயரிங். 'இருபது வயசாச்சு, இனிமே எங்கே ஆடுறது'ன்னு விட்டுட்டேன்.

லைப்ரரியில் படிச்ச ஒரு பாலே கதைதான் என்னை உலுக்கிச்சு. ரஷ்யாவின் அன்னா பாவ்லோவாவை முதல் தடவை பாலே பள்ளியில் சேர்க்கவே இல்லை. பொண்ணு விடலையே! 1891-ல், 10 வயதில் உள்ளே நுழைந்தார். அப்புறம் கால் விரல் நுனியில் நின்றே உலகத்தைச் சுற்றி வந்தார்.

1928-ல் பம்பாயில் அவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போனவர், நம்ம மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. பாவ்லோவா குழுவில் இருந்த கிளியோ நார்டியிடம் பாலே கத்துக்கிட்டார். சொந்த மண்ணின் ஆட்டத்தைத் தேடச் சொல்லி அவரைத் திருப்பிவிட்டதும் பாவ்லோவாதான். அந்த ஆட்டம், தேவதாசிக் குடும்பங்களும் நட்டுவனார்களும் கட்டிக்காத்த சதிர். ஊரே முகம் சுளித்த காலம் அது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935-ல் அடையாறில் மேடையேறியபோது ருக்மிணிக்கு வயது 31! அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா.

தூக்கின காலோட அழகை நம்ம மாவட்டத்துலயே பார்க்கலாமேன்னு ஞாயித்துக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் போனேன். ராஜேந்திர சோழன் கோயில் சுவர்ல நடராஜர். கீழே எலும்பும் தோலுமா காரைக்கால் அம்மையார். அந்த உருவத்துலயும் ஆட்டத்து மேல என்ன ஒரு லயிப்பு!

வீட்டுக்கு வந்ததும் பரண் ஏறிட்டேன். சலங்கை களிம்பேறிக் கிடந்தது. புளி போட்டுத் தேய்ச்சாச்சு.

உங்க பரண்ல என்ன கிடக்கு?