வரைபடம் அழகு, விடை சரியா?

மரபணு வேறுபாடுகள் அடங்கிய வி.சி.எப். பைலை ‘ஆர்’ சாப்ட்வேரில் கொடுத்தால் வண்ண வரைபடம் வந்துவிடும். அதை அப்படியே நம்பாதீர்கள். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானே சொல்கிறேன்.

ஏற்காட்டில் விளையும் அராபிகா காபியை எடுத்துக் கொள்ளுங்கள். ரோபஸ்டா, யூஜினியாய்டிஸ் என்ற இரு இனங்கள் கலந்து பிறந்த செடி, 44 குரோமோசோம்கள். ரோபஸ்டாவை மட்டும் ஆதாரமாக வைத்து ஒப்பிட்டால், யூஜினியாய்டிஸிலிருந்து வந்த எழுத்துகளும் அதன்மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். செடிக்குச் செடி வேறுபாடே இல்லாத இடத்திலும் ‘வேறுபாடு’ என்று கம்ப்யூட்டர் சாதிக்கும்!

ஐ.ஜி.வி. என்ற இலவச சாப்ட்வேரில் பாம் பைலைத் திறந்து அந்த இடத்தைப் பாருங்கள். எல்லாச் செடியிலும் அதே எழுத்து பாதிக்குப் பாதி மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இலைத் துருநோயைத் தாங்கும் நாற்று என்று நம்பி நட்டால், காய்க்கவே மூன்று, நான்கு வருடமாகும். சேர்வராயன் மலைத் தோட்டக்காரரிடம் வெறும் வரைபடத்தை நீட்ட எனக்கு மனசு வராது.