படத்தில் இல்லாதவர்

டிசம்பர் 3-ஆம் நாள் கோட்டாறு தூய சவேரியார் பேராலயத் திருவிழா நிறைவுற்றதும், நம் மாவட்டத்து இல்லங்கள் பலவற்றில் இன்னொரு சிறு விழா நடைபெறுகிறது. வளைகுடா நாடுகளிலிருந்தும் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திருவிழாவுக்கென வந்த பிள்ளைகள் பெட்டியைக் கட்டுமுன், குடும்பத்தார் அனைவரையும் முற்றத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளும் விழா அது. நாற்காலிகளில் பாட்டாவும் பாட்டியும், இருபுறமும் மக்கள், பின்வரிசையில் மருமக்கள், தரையில் சம்மணமிட்ட பேரப்பிள்ளைகள். "எல்லாரும் வந்தாயிற்றா?" என்று ஒரு குரல் கேட்கும். "வந்தாயிற்று" எனப் பத்துக் குரல்கள் விடையளிக்கும். அவ்விடை முற்றிலும் சரியன்று. ஒருவர் வரவில்லை. அவர் காமிராவுக்குப் பின்னால் நிற்கிறார்.

இத்திங்கள் அந்த ஒருவரைப் பற்றியே நாம் சிறிது பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் புகைப்படத் தொழிலாளர் ஒருவரின் அடக்கத் திருப்பலியை நாம் நிறைவேற்ற நேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றுவட்டார ஊர்களின் திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், தேர்ப்பவனி எதுவும் அவரில்லாமல் நடந்ததில்லை. பிறர் வீட்டு மகிழ்ச்சிக்கெல்லாம் சாட்சியாக நின்றவர். தம் வீட்டு மகிழ்ச்சிக்கும் அவரே சாட்சி. மகளின் புதுநன்மை, மகனுடைய பட்டமளிப்பு, வேளாங்கண்ணிப் பயணம், முக்கடல் கூடும் இடத்தில் பிள்ளைகள் அலையில் கால் நனைத்த மாலை ஆகிய அனைத்தும் அவ்வீட்டுத் தொகுப்புகளில் அடுக்கடுக்காக உள்ளன. ஆனால் மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்று தேடியபோது, பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஓட்டுநர் உரிமத்திற்காக எடுத்த சிறு படம் ஒன்றே. அதைப் பெரிதாக்கியதில் முகம் மங்கிப் புள்ளி புள்ளியாகிவிட்டது. "அப்பா எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தார்கள் சாமி. ஆனால் ஒரு படத்திலும் இல்லை" என்று மகள் நம்மிடம் கூறியதை இன்றும் மறக்க இயலவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு தந்தையின் வரலாறு நம் நாட்டில் உண்டு. பஞ்சாபில் மஜீத்தியா என்னும் சீக்கியப் பெருங்குடியில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர் உம்ராவ் சிங் ஷேர்-கில். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். கவிஞர் இக்பாலின் நண்பர். யோகப் பயிற்சியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். படம் பிடிப்பது அவருக்குப் பிழைப்பன்று. நிலபுலம் மிக்கவராதலால் பிழைப்பைப் பற்றிய கவலையே அவருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளமையில் கையிலெடுத்த காமிராவை முதுமைவரை அவர் கீழே வைக்கவில்லை. 1912-இல் லாகூரில் ஹங்கேரி நாட்டு மங்கை மரீ அந்துவனெத்தை மணந்தார். மறு ஆண்டு புடாபெஸ்ட் நகரில் மூத்த மகள் அம்ரிதாவும், 1914-இல் இளையவள் இந்திராவும் பிறந்தனர். முதல் உலகப் போர் அக்குடும்பத்தை 1921 வரை ஹங்கேரியிலேயே நிறுத்தி வைத்தது. பின்னர் சிம்லா மலை வாழ்வு. 1929-இல் மகள்களின் கல்விக்காகப் பாரிஸ் நகரம். 1934-இல் மீண்டும் இந்தியா.

இத்தனை பெயர்வுகளிலும் அவர் படம் பிடித்ததெல்லாம் பெரும்பாலும் தம் வீட்டாரையே. கோபுரங்களையும் கோட்டைகளையும் நாடிச் செல்லும் பயணிகளின் வழக்கம் அவரிடம் இல்லை. பியானோவின் முன் மனைவி, அலங்காரம் செய்துகொள்ளும் மகள், பாரிஸ் வீட்டுக் கூடத்தில் ஓய்ந்திருக்கும் ஒரு பொழுது. இவையே அவருடைய பயணக் காட்சிகள். அந்நாளில் இது எளிய வேலையன்று. லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்ணத் தகடுகளையும் அவர் பயன்படுத்தினார். கண்ணாடித் தகட்டின்மேல் உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா என மூவகைச் சாயமேற்றிப் பரப்பி, அவற்றினூடே ஒளியைப் பாய்ச்சி வண்ணத்தைப் பதிக்கும் முறை அது. (கறிக்கு வாங்கும் அதே கிழங்குதான், நம் தாய்மார் ஐயுற வேண்டாம்.) ஆனால் நல்ல வெயிலிலும்கூட ஒளி பதிய நொடிகள் செல்லும். அதுவரை அசையாதிருக்கக் குழந்தைகளைப் பழக்கிய அத்தந்தையின் பொறுமையை, ஞாயிறு மறைக்கல்வியில் சிறுவரை அமர்த்தப் பாடுபடும் நாம் நன்கு மதிக்கிறோம்.

நமக்கு இவரிடம் மிகவும் பிடித்த செய்தி வேறு. அவர் காமிராவைத் தம் பக்கமும் திருப்பினார். மனைவியருகில் அமர்ந்த புதுமணவாளராக, நூல்களிடையே மூழ்கிய அறிஞராக, நோன்பிருந்து மெலிந்த உடலினராக, நரைத்த தாடியுடைய கிழவராகத் தம்மைத் தாமே பல்லாண்டுகள் படம் பிடித்துவந்தார். இதனைத் தற்பெருமை என்பார் உளர். தற்பெருமை சிறிதும் இல்லை என்று நாமும் வாதிடப்போவதில்லை. ஆயினும் அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தந்தை முகம் தேடி அலையும் நிலை வரவில்லை.

மூத்த மகள் அம்ரிதா இந்நாட்டின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவரானார். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாட்டுப் பயணம் புறப்பட்டு, அஜந்தா, எல்லோரா, கொச்சி, திருவனந்தபுரம் எனப் பார்த்துக்கொண்டே நம் குமரிமுனைக்கும் வந்து சென்றார். தந்தை உடன்வரவில்லை. தென்னாட்டு மக்களின் கருநிற மேனியும் வெள்ளை வேட்டியும் அவர் உள்ளத்தில் பதிந்து, 1937-இல் சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியச் சிற்றூர் மக்களின் ஓவியமாக வெளிவந்தன. நம் ஊர்ச் சந்தைகளுக்கு ஓலைப்பெட்டி சுமந்து நடந்த பாட்டிமார் அந்த ஓவியத்தைக் கண்டால் அந்நியமாகக் கருதமாட்டார்கள். 1941 டிசம்பர் 5-ஆம் நாள், 28 வயதே நிரம்பிய அம்ரிதா லாகூரில் காலமானார். தாய் 1948-இல் துயரமான முறையில் மறைந்தார். தந்தை 1954 வரை வாழ்ந்தார். அவரிடம் எஞ்சியவை அந்தப் படங்களே.

கதை அங்கே முடியவில்லை. இளையவள் இந்திரா மணந்தது ஒரு தமிழரை; 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய கே. வி. கே. சுந்தரம் அவர்களை. அவர்களுடைய மகன் விவான் சுந்தரம் 2023-இல் மறைந்த கலைஞர். பெரியம்மா இறந்தபின் பிறந்தவர் அவர். 2001-2002-ஆம் ஆண்டுகளில் அவர் தம் தாத்தா எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, வெவ்வேறு காலத்திலும் வெவ்வேறு நகரங்களிலும் இருந்தவர்களை ஒரே அறையில் கூட்டிவைத்தார். காலம் பிரித்துவிட்ட ஒரு வீட்டாரின் ஒன்றுகூடல் அது. தாத்தா தம்மையும் படம் பிடித்து வைத்திருந்ததனால் அன்றோ பேரன் அவரையும் அக்கூட்டத்தில் நிறுத்த முடிந்தது!

இத்தகைய இணைப்பு நம் ஊர்களுக்குப் புதிதன்று. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள ஸ்டுடியோக்களில், மகளின் திருமணத்தைக் காணாமல் இறந்த தந்தையை மணமக்களருகே நிற்கச் செய்து தருகிறார்கள். இது பொய்யல்லவா என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. நாம் அவ்வளவு கடுமையாகக் கருதவில்லை. விவான் சுந்தரம் தாம் செய்ததை மறைக்கவில்லை. இணைத்தது என்று உலகறியச் சொன்னார். தந்தையை இணைத்துக்கொண்ட மகளும் அதனைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் போதும். சொல்லாமல் விட்டால், ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அவ்வீட்டில் ஒரு தவறான வரலாறு நிலைபெறும். கைப்பேசி வைத்திருக்கும் எவரும் நிகழாத கூடலை நொடியில் உருவாக்கிவிடக்கூடிய இக்காலத்தில் இது சிறிய செய்தியன்று.

கடற்கரைப் பங்குகளில் உள்ளவர்களுக்கு ஒரு படத்தின் விலை இன்னும் நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் வீடு புகுந்தபோது, உயிர்களோடு படப்பெட்டிகளும் போயின. பிள்ளையின் முகத்தை நினைவிலன்றி வேறெங்கும் காண இயலாத பெற்றோர் உண்டாயினர். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வீசியபின், கரை திரும்பாத மகனின், கணவனின் படத்தைக் கையில் ஏந்தித் தெருவில் நின்ற பெண்களை நாடே பார்த்தது. அப்படங்களுள் எத்தனை ஏதோ ஒரு திருமண வீட்டிலோ திருவிழாவிலோ விளையாட்டாக எடுக்கப்பட்டவையாக இருந்திருக்கும்! எடுத்தவர் எவரோ, அவர் அன்று செய்த உதவியை அவரே அறிந்திருக்கமாட்டார். உடல் கிடைக்காத வீட்டில் கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றுவதும் அந்தப் படத்தின் முன்தானே.

ஆகவே வரும் டிசம்பரில் குடும்பப் படம் எடுக்கும் இல்லங்களை நாம் வேண்டுவது இதுதான். ஒரு படம் எடுத்தபின், எடுத்தவரைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காமிராவைக் கொடுங்கள். கை நடுங்கிப் படம் சாய்ந்து போனாலும் போகட்டும். திருமணத்திற்கு வந்த புகைப்படத் தொழிலாளரையும், பந்தி முடிந்தபின் தேடாமல், பந்தியிலேயே அமர்த்துங்கள். அவருக்கும் பசிக்கும் என்பது பல வீடுகளில் மறந்துபோகிறது.

கைப்பேசியில் உள்ள ஆயிரம் படங்களில் பத்தையேனும் தாளில் அச்சிட்டு வையுங்கள். கருவி பழுதானால் ஆயிரமும் ஒருங்கே போகும். வீட்டிலுள்ள பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களை வெளியே எடுத்து, எண்பதைக் கடந்த பாட்டியின் அருகே அமர்ந்து, இவர் யார், அவர் யார் எனக் கேளுங்கள். இலங்கைக்குப் போன அண்ணன், மலேயாத் தோட்டத்தில் இறந்த மாமா என அவர் ஒவ்வொருவராகச் சொல்லுவார். அதற்கு ஒரு பிற்பகல் போதாது. இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். அவர் சொல்வதைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் ஊறி முகத்தில் தெரியும். பெயர், உறவு, இடம், ஆண்டு என எழுதிக் கடைசியில், படம் பிடித்தவர் யாரென்று பாட்டிக்கு நினைவிருந்தால், அந்தப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.