பதின்மூன்றும் பதினேழும்

இந்தி வழங்கும் ஊரில் படிக்கும் நமக்கு 'கல்' என்ற சொல் நன்றாகப் பழக்கம். நமக்கு அது தரையில் கிடப்பது. அவர்களுக்கோ நேற்றும் அதுவே, நாளையும் அதுவே. சூழலைப் பாராமல் சொல்லை மட்டும் பெயர்ப்பவன், நாளை வரவேண்டியவனை நேற்று வரச் சொல்லிவிடுவான்! கணிப்பொறி நிரல்களை மொழி மாற்றும் நம் அறிவியல் மாணவர் பலரும் இந்தத் தவற்றையே செய்துவருகின்றனர் என்பது என் கருத்து.

தற்போக்கு எண்களை உண்டாக்க ஜார்ஜ் மார்சாக்லியா 2003-இல் வெளியிட்ட முறையைப் பாருங்கள். எண்ணின் பிட்டுகளை இடப்பக்கம் 13 இடம் நகர்த்திப் பழைய எண்ணோடு எக்ஸார் செய்யவேண்டும்; அவ்வாறே வலப்பக்கம் 17, மீண்டும் இடப்பக்கம் 5. இவை மனம்போன போக்கில் எடுத்தவை அல்ல. சுழியம் நீங்கலாக 32 பிட் எண்கள் 4294967295-ஐயும் தொட்ட பிறகே தொடக்கத்துக்குத் திரும்பும்படி தேர்ந்தவை.

அப்படியானால் இம்மூன்றையும் பிழையின்றிப் படியெடுத்தால் போதுமா? போதாது! 32 பிட் அகலம், குறியில்லாத எண் என்னும் நிலத்தில் வேரூன்றியவை அவை. சி மொழியில் அந்த நிலம் உண்டு. பைத்தானில் முழு எண்ணுக்கு அகல எல்லையே இல்லை. ஜாவாவின் 32 பிட் எண்ணோ குறி உடையது. >> என்று வலப்பக்கம் தள்ளினால், எதிர்ம எண்ணின் வெற்றிடங்களில் 1 வந்து நிரம்பும். சுழியம் நிரம்ப >>> என எழுதவேண்டும்.

1-இல் தொடங்கினால் மூன்று மொழிகளிலும் முதல் விடை 270369. "சரியாக இருக்கிறதே!" என்று எழுந்துவிடுகிறார் நண்பர். இரண்டாம் விடை சி மொழியில் 67634689. ஜாவாவில் >> என்றே விட்டிருந்தால் 67601921. பைத்தானில் மேற்பிட்டுகளை வெட்டாவிட்டால் 68787111425. பைத்தானின் பிழை தன் நீளத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஜாவாவின் பிழையோ நல்லவன் வேடத்தில் நிற்கும். அதை நம்பி நடத்திய கணக்கும், அதன்மேல் எழுந்த ஆய்வேடும் என்னாவது?

நிரலைக் கருவிகளே நொடியில் மொழிமாற்றித் தரும் இந்நாளில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. அகலம் எத்தனை, குறி உண்டா, வெற்றிடத்தில் எது நிரம்பும் என்ற மூன்றையும் மாறிலியின் அருகிலேயே எழுதிவையுங்கள். முதல் விடையோடு நில்லாமல் ஆயிரம் விடைகளை ஒப்பிடுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகலாம்; பொய்க்கணக்கை நம்பி ஓராண்டைக் கழிப்பதைவிட அது மலிவானது.