டாங்கிக்கும் பேட்டா உண்டு!

எல்லையில் படை குவிப்பு என்று செய்தி வந்தால் எல்லோரும் டாங்கிகளை எண்ணுகிறார்கள். நான் பி.காம். பார்ட்டி. முதலில் வரவு செலவைத்தான் பார்ப்பேன்.

1990 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். குவைத் எல்லையில் சதாம் உசேன் படைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாதக் கடைசியில் சுமார் ஒரு லட்சம் பேர். 'சும்மா பூச்சாண்டி காட்டறார்ப்பா' என்றுதான் அக்கம்பக்கத்து அரபுத் தலைவர்களில் பலர் நினைத்தார்கள்.

ஈராக்கின் கணக்கு நோட்டு வேறு கதை சொன்னது. 1980 முதல் 1988 வரை ஈரானோடு யுத்தம். கஜானா காலி. கடன் கொடுத்தவர்களில் குவைத்தும் உண்டு. சுமார் 1,400 கோடி டாலர். 'உங்களுக்கும் சேர்த்துத்தானேய்யா சண்டை போட்டேன், தள்ளுபடி பண்ணுங்க' என்பது சதாம் கட்சி. குவைத் மசியவில்லை. போதாக்குறைக்கு, ஓபெக் கோட்டாவைத் தாண்டி எண்ணெய் எடுத்து விலையை இறக்குகிறது, ருமைலா வயலில் என் எண்ணெயையும் உறிஞ்சுகிறது என்று புகார் வேறு.

கடன் கழுத்தை நெரிக்குது, வரும்படி இறங்குது. கையில் மிச்சம் ராணுவம்தான். சும்மா நிற்கிற டாங்கிக்கும் டீசல் வேணும், உள்ளே இருப்பவனுக்கு பேட்டா வேணும். காசில்லாதவன் எத்தனை நாளைக்கு சார் பூச்சாண்டி காட்டுவான்?

ஆகஸ்ட் 1-ல் ஜெட்டா பேச்சு முறிந்தது. மறுநாள் விடிவதற்குள் படை குவைத்துக்குள்.

சவுதி பயந்துபோய் அமெரிக்கப் படையைக் கூப்பிட்டது. பேரல் 20 டாலருக்குக் கீழே இருந்த எண்ணெய், அக்டோபரில் 40-ஐத் தாண்டியது. நம்ம ஆட்கள் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிய துணியோடு அம்மான் வழியாக ஊர் திரும்பினார்கள். மாசாமாசம் அவர்கள் வீட்டுக்கு வந்த டிராஃப்ட் நின்றது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த நம் டாலர் கையிருப்பு கரைந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் பேங்க் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. சண்டை அவர்களுக்குள்ளே, அடகுச் சீட்டு நமக்கு!

எல்லா யுத்தத்துக்கும் பணமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், அடுத்த முறை எங்காவது படை குவிந்தால், 'எத்தனை டாங்கி?' என்பதோடு 'சும்மா திரும்பிப் போனால் அவருக்குக் கட்டுப்படியாகுமா?' என்றும் கேட்டுப் பாருங்கள்.

கடைசி என்ட்ரியையும் எழுதிவிடுகிறேன். ஐ.நா. விதித்த நஷ்டஈட்டை ஈராக் எண்ணெய் விற்றுக் கட்டி முடித்தது 2022-ல். மொத்தம் சுமார் 5,240 கோடி டாலர். சதாம் தள்ளுபடி கேட்டதோ 1,400 கோடி!